பிறந்த கரை

டைப்பக்காவுக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. கடை ஷட்டரைப் பாதி தூக்கினாள், இறக்கினாள், மறுபடி முழுசாகத் தூக்கினாள். பிரிண்டரைப் போட்டாள், அணைத்தாள். வாங்கி வைத்த டீயைக் குடிக்காமலே குடித்ததாக நினைத்துக்கொண்டு டம்ளரைக் கழுவப் போனாள்.

பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு நேர் எதிரே, எட்டடிக்கு ஆறடி அறையில், இருபத்து மூன்று வருடமாக ஊரார் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்துப் பிழைப்பவள் அவள். டைப்ரைட்டரோடு கடை போட்டதால் வந்த பெயர். மிஷின் பழைய இரும்புக்குப் போய், கம்ப்யூட்டர் வந்து இத்தனை காலம் ஆகியும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. எந்தக் கட்டத்தில் என்ன எழுதினால் எந்த கவுண்ட்டரில் திருப்பி அனுப்புவார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அப்படிப்பட்டவள் தன் சொந்த விண்ணப்பத்தை முன்னால் வைத்துக்கொண்டு, ஒன்பதாம் கட்டத்தில் பேனாவை ஊன்றியபடி, பரீட்சைக்குப் படிக்காமல் வந்த பிள்ளை மாதிரி முழித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் கட்டம்: பிறந்த இடம், அதற்கான ஆதாரம்.

ஆயிரம் பேரை விமானம் ஏற்றி அனுப்பியவளிடம் பாஸ்போர்ட் இல்லை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். தேவைப்படவில்லை, எடுக்கவில்லை, அவ்வளவுதான். முந்தின நாள் வரைக்கும் அப்படித்தான் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் வெளிநாட்டிலிருந்து மகள் கூப்பிட்டாள். ஏழரை மாதம். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறதாம், படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளைக்கு ஷிப்ட் வேலை.

டைப்பக்காவின் மகள் லேசில் வாயைத் திறந்து எதையும் கேட்கிறவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் கை ஒடிந்தபோதுகூட, சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையை இடது கையால் கழற்றி வைத்துவிட்டுத்தான் சொன்னாள். அவள் நேற்று, "அம்மா, வர்றியா? எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் டைப்பக்காவுக்கு ராத்திரித் தூக்கம் போனது. ஏனென்றால் டைப்பக்காவின் அம்மா, டைப்பக்காவைப் பெற்றுப் போட்ட அன்றே கண்ணை மூடியவள். பிரசவம் என்ற சொல்லுக்கு அந்தக் குடும்பத்தில் நல்ல பேர் கிடையாது. மகள் பிறந்தபோது டைப்பக்கா ஆஸ்பத்திரியில் ஒன்பது மணி நேரம் நர்சின் கையை விடாமல் பிடித்திருந்தாள்; அந்த நர்ஸ் அப்புறம் கையில் தைலம் தேய்த்துக்கொண்டதாகக் கேள்வி. இப்போது மகள் அங்கே தனியாகப் படுத்திருக்கிறாள். இன்னும் ஆறு வாரம். பாஸ்போர்ட்டுக்கு இரண்டு வாரம், விசாவுக்கு மூன்று வாரம். நடுவில் ஒரு நாள் சறுக்கினாலும் போச்சு.

சறுக்குவதற்கு ஒன்பதாம் கட்டம் தயாராகக் காத்திருந்தது.

அவளுடைய அப்பா கான்கிரீட் வேலைக்காரர். எல்லை ஆற்றின் மேல் பாலம் கட்ட ஆறு வருடம் பிடித்தது. கட்டினவர்கள் ஆற்றங்கரையில் தகரக் கொட்டகை போட்டுக் குடும்பத்தோடு கிடந்தார்கள். முதலில் இந்தக் கரையில் கொட்டகை. தூண்கள் ஆற்றின் பாதியைத் தாண்டியதும் கொட்டகைகளைப் பிரித்து அந்தக் கரைக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கரை வேறு நாடு. அந்தக் காலத்தில் அதை யார் கேட்டார்கள்? ஆறுதான் எல்லை, முழங்கால் தண்ணீரில் நடந்தால் வெளிநாடு. கொட்டகை மாறிய அந்த வருடம்தான் டைப்பக்கா பிறந்தாள். ஆஸ்பத்திரியும் இல்லை, பதிவும் இல்லை. பெண்டாட்டி போனதும் அப்பா இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு இந்த ஊருக்கு வந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பிறந்த இடம் கேட்டதற்கு, "பாலத்துல" என்றிருக்கிறார். எழுதுகிற குமாஸ்தாவும் தலையை நிமிர்த்தாமல் "பாலம்" என்று எழுதி வைத்துவிட்டார். அவள் சான்றிதழில் இன்றுவரை அப்படித்தான் இருக்கிறது.

பிறப்புப் பதிவு இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. பிறந்தபோது கூட இருந்த, வயதில் மூத்த ரத்த உறவு ஒருவர் நேரில் வந்து, இன்ன நாட்டில், இன்ன இடத்தில் பிறந்தார் என்று அதிகாரி முன்னால் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். இந்த விதியை டைப்பக்கா எத்தனை பேருக்குக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்திருக்கிறாள்! "அண்ணன், அக்கா யாராச்சும் இருக்காங்களா? கூட்டிட்டு வாங்க. அஞ்சு நிமிஷ வேலை."

அண்ணன் இருந்தார். அவரோடு பேசித்தான் ஆறு வருடம் ஆகியிருந்தது.

அண்ணன் ஒரு கல்குவாரியின் எடைமேடையில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். லாரி வந்து மேடையில் ஏறும்; முள் எங்கே நிற்கிறதோ அதுதான் அவர் எழுதும் எண். முதலாளி சொன்னாலும் அந்த எண் நகராது, டிரைவர் காலில் விழுந்தாலும் நகராது. இதனால் அவருக்கு நல்ல பேரும் கிடைத்தது, பதவி உயர்வு கிடைக்காமலும் போனது. வீட்டிலும் அப்படியே. உறவுக்காரர் கல்யாணத்துக்கு வராததற்குக் காரணம் கேட்டால், "வரப் பிடிக்கல" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வருவார். அண்ணி பின்னாலேயே போய் சமாதானம் செய்துகொண்டிருப்பார்.

ஆறு வருடத்துக்கு முன் ஏதோ நகல் எடுக்க டைப்பக்காவின் கடைக்கு வந்தவர், அவள் முன்பின் தெரியாத ஒரு கொத்தனாருக்கு சாட்சிக் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துவிட்டார். சில விண்ணப்பங்களுக்கு, ஆளைத் தெரிந்த குடிமகன் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். கூட்டி வர ஆளில்லாமல் நிற்கிறவர்களுக்கு, பாவம் என்று டைப்பக்காவே போட்டுக் கொடுப்பாள். அண்ணன் அந்தத் தாளை எடுத்து, 'இவரைப் பிறந்ததிலிருந்து அறிவேன்' என்று இருந்ததைச் சத்தமாகப் படித்தார். கடையில் ஏழு பேர் இருந்தார்கள். "நீ பொய்ச்சாட்சிக்காரி" என்றார். அவளும் சும்மா விடவில்லை. "கல்லையும் மண்ணையும் எடை போட்டவனுக்கு மனுஷன் கஷ்டம் எங்க தெரியும்?" என்று கத்தினாள். அன்றோடு சரி.

பதினோரு மணிக்கு டைப்பக்கா கடையைச் சாத்திவிட்டு அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறினாள். இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, தப்பாக இறங்கிவிட்டோம் என்று தெரிந்து, மீதியை ஓட்டமும் நடையுமாகக் கடந்தாள். கதவைத் திறந்த அண்ணி கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். அண்ணன் கூடத்தில் தரையில் உட்கார்ந்து, டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே."

அவர் நிமிரவில்லை. "கடைக்கு லீவா?"

ஆறு வருட மௌனம் இவ்வளவு அற்பமாக உடையும் என்று தெரிந்திருந்தால் முன்னாடியே வந்திருக்கலாம். டைப்பக்கா நின்றவாக்கில் எல்லாவற்றையும் கொட்டினாள். மகள், ரத்த அழுத்தம், ஆறு வாரம், ஒன்பதாம் கட்டம். அண்ணன் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்து வைத்தார்.

"புள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?"

"படுத்தே கெடக்கா. பயமா இருக்குங்கறா அண்ணே."

"வர்றேன். எப்பன்னு சொல்லு."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை சுலபமா? பையிலிருந்து அவசரமாக வாக்குமூலத் தாளை எடுத்தாள். கடையிலேயே அடித்துக் கொண்டுவந்திருந்தாள். அண்ணன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, லாரிச் சீட்டைப் படிக்கிற மாதிரி வரிவரியாகப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இந்தக் கரையில இருந்த கொட்டகையிலன்னு போட்டிருக்க."

"ஆமா."

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? நாம இங்கதானே..."

"நீ அந்தக் கரையில பொறந்தவ, பாப்பா. கொட்டகை மாத்தி பதினோரு நாள் கழிச்சு. எனக்கு ஏழு வயசு, நல்லா ஞாபகம் இருக்கு."

டைப்பக்கா முகத்தில் ஈயாடவில்லை. ஐம்பத்தொரு வயதில், பிரித்துப் போட்ட ஃபேனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தான் வேறு நாட்டில் பிறந்தவள் என்று தெரிந்துகொண்டாள். அதுகூட அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. அவள் மூளை தொழில் பழக்கத்தில் விதிகளைப் புரட்டியது: வெளிநாட்டில் பிறந்திருந்தால் அப்பா அம்மாவின் குடியுரிமைக்கு ஆதாரம் வேண்டும். கைநாட்டு வைத்துக் கூலி வாங்கியவருக்கு என்ன ஆதாரம்? சிறப்பு விசாரணைக்குப் போகும். ஒன்றரை வருடம்.

"அண்ணே, யாருக்குத் தெரியப்போகுது? இந்தக் கரைன்னு ஒரே ஒரு வார்த்தை."

"தெரிஞ்சே எப்படி மாத்திச் சொல்றது?"

"என் பொண்ணுக்காகக்கூடவா?"

அவர் ஃபேன் இறக்கையை எடுத்துத் துடைத்தார். அண்ணி சமையலறை வாசலில் நின்று, "ஒரு தடவை சொன்னா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?" என்றார். அவர் இறக்கையைக் கீழே வைத்தார். கடைசியில், "கூட வர்றேன்னு சொன்னேன், வர்றேன். அங்க கேக்கறப்ப வாயில என்ன வருதோ அதான்" என்றார். அவர் வாயில் என்ன வரும் என்பது அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பாஸ்போர்ட் அலுவலகத்தில் நாலு நாள் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. அந்த நாலு நாளும் டைப்பக்கா மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தாள். ஒரு ஆளின் போட்டோவை இன்னொரு ஆளின் விண்ணப்பத்தில் ஒட்டினாள். நல்லவேளை, இருவருக்கும் மீசை வேறு மாதிரி இருந்ததால் கண்டுபிடித்துவிட்டாள். மகள் கூப்பிட்டபோதெல்லாம், "கிளம்பிட்டே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, போனை வைத்ததும் கடையைச் சுற்றி நடந்தாள். எட்டுக்கு ஆறில் எவ்வளவு நடக்க முடியும்? நாலு எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும்.

அந்த நாளும் வந்தது. இருபத்து மூன்று வருடமாக எதிர்ச் சாரியிலிருந்து பார்த்த கட்டடத்துக்குள் டைப்பக்கா டோக்கனோடு போய் உட்கார்ந்தாள். அண்ணன் சலவைச் சட்டையில், மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். டைப்பக்கா கால் மாற்றிக் கால் மாற்றி உட்கார்ந்தாள். எழுந்து தண்ணீர் குடித்தாள். டோக்கன் எண்ணைப் பலகையில் பார்த்தாள், கையில் பார்த்தாள், மறுபடி பலகையில் பார்த்தாள். கேட்டுவிடலாமா என்று நாலு தடவை அண்ணன் பக்கம் திரும்பினாள். கேட்டால் உண்மையைச் சொல்லித் தொலைப்பாரே என்று நாலு தடவையும் வாயை மூடிக்கொண்டாள்.

அதிகாரி ஒரு பெண். டைப்பக்காவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். கத்தமாட்டாள், ஆனால் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசுவாள். அதுதான் கத்துவதைவிட மோசம். டைப்பக்காவின் அடையாள எண்ணை அடித்தவள், ஒரு நிமிடம் திரையையே பார்த்தாள். அப்புறம் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தாள்.

"எதிர்க் கடை நீங்கதானே?"

"ஆமாங்க மேடம்."

"உங்க நம்பர் சாட்சியா இருநூத்திப் பன்னிரண்டு ஃபைல்ல வருது."

"ஆளில்லாதவங்களுக்கு..."

"இருங்க. இருநூத்திப் பன்னிரண்டு பேரையும் பிறந்ததிலிருந்து அறிவேன்னு எழுதியிருக்கீங்க. இதுல ஒருத்தருக்கு வயசு எழுபத்து நாலு. உங்களுக்கு ஐம்பத்தொண்ணு. அவர் பிறந்தப்ப நீங்க எங்கம்மா இருந்தீங்க?"

பக்கத்து கவுண்ட்டர்காரர் சிரித்துவிட்டார். டைப்பக்காவுக்குக் காது மடல் சுட்டது. விஷயம் இதுதான்: பல வருடத்துக்கு முன் ஒருநாள், 'பத்து வருடமாக அறிவேன்' என்று எழுதியதைப் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். அன்றிலிருந்து 'பிறந்ததிலிருந்து அறிவேன்' என்ற வரியைக் கம்ப்யூட்டரில் நிரந்தரமாகப் போட்டுவைத்து, பெயரை மட்டும் மாற்றி அச்சடித்துக்கொண்டிருந்தாள். கிழவரா குமரியா என்று பார்க்கிற பழக்கமே விட்டுப் போயிருந்தது. அடுத்தவர் தாளில் ஒரு புள்ளி பிசகினாலும் கண்டுபிடிக்கிறவள், சொந்தக் கையெழுத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று படித்ததில்லை.

"இதெல்லாம் இனிமே வேண்டாம். யாருக்கும் சாட்சி நிக்கமாட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்ற அதிகாரி, அண்ணனைப் பார்த்தாள். "ஐயா, உங்க தங்கச்சி சாட்சி சொல்ற லட்சணம் இது. அதனால உங்களைத் தனியாத்தான் கேக்கணும். சொல்றது பொய்னு பின்னாடி தெரிஞ்சா கேஸ் உங்க மேல. புரியுதா?"

"புரியுது" என்றார் அண்ணன்.

"நீங்க வெளிய இருங்கம்மா."

கவுண்ட்டர் அறையின் கண்ணாடிக் கதவு சாத்திக்கொண்டது. இந்தப் பக்கம் டைப்பக்கா. அந்தப் பக்கம் அண்ணனின் முதுகும் பாதி முகமும். பேச்சு எதுவும் காதில் விழவில்லை. அதிகாரி ஏதோ கேட்கிறாள், அண்ணனின் தாடை அசைகிறது. எழுதுகிறாள். மறுபடி கேட்கிறாள். இந்த முறை தாடை அசையவில்லை. டைப்பக்கா கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். காவலாளி, "தள்ளி நில்லுங்கம்மா" என்றார். தள்ளி நின்றாள், மறுபடி ஒட்டிக்கொண்டாள். சொல்லு அண்ணே, ஒரே வார்த்தை, என்று மனசுக்குள் கெஞ்சினாள். அப்புறம், பாவி மனுஷா, சொல்லமாட்டியே, என்று திட்டினாள். அண்ணன் மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடிப்பது தெரிந்தது. நீளமாக ஏதோ சொன்னார். அதிகாரி தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கீழ் வரி வரைக்கும் படித்து, கையெழுத்துப் போட்டார்.

ஐந்து நிமிடத்தில் அண்ணனை வெளியே அனுப்பிவிட்டு டைப்பக்காவை உள்ளே கூப்பிட்டார்கள். ஒன்பதாம் கட்டத்துக்கு நேரே நீல முத்திரை விழுந்திருந்தது: குடியுரிமை ஏற்கப்பட்டது. இனி யாருக்கும் சாட்சி நிற்பதில்லை என்று எழுதிக் கொடுத்தபோது அவள் கை தானாக ஓடியது. பன்னிரண்டு நாளில் பாஸ்போர்ட் வீட்டுக்கு வந்துவிடும் என்றார்கள். கால் தரையில் பாவாமல் ஓடி வந்தாள்.

அண்ணன் கூடத்தில் இல்லை. தெருவில் இறங்கி, பஸ் நிறுத்தத்தையும் தாண்டி விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார். டைப்பக்கா பின்னாலேயே ஓடினாள். மூடிக் கிடந்த ஒரு கடையின் படியில் அவர் உட்கார்ந்து, பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறக்க வரவில்லை. இரண்டு தடவை திருகிப் பார்த்தார். டைப்பக்கா வாங்கித் திறந்து கொடுத்தாள்.

"எந்தக் கரைன்னு கேட்டாங்களா அண்ணே?"

"கேட்டாங்க."

"நீ..."

"இந்தக் கரைன்னேன்."

அவளுக்கு அவர் காலில் விழவேண்டும் போல் இருந்தது. "அண்ணே, உனக்கு நான்..." என்று ஆரம்பித்தாள். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அதோட விட்டாங்களா? தாயார் பிரசவத்துல தவறிட்டாங்கன்னு எழுதியிருக்கே, எங்க அடக்கம் பண்ணீங்கன்னு கேட்டாங்க."

டைப்பக்கா அந்தக் கேள்வியை வாழ்நாளில் ஒருதரம்கூட யாரிடமும் கேட்டதில்லை. தன்னால் போன உயிர். அதைப் பற்றிக் கேட்க எந்த வாயால் கேட்பது என்றே இருந்துவிட்டாள்.

"அந்தக் கரையில ஒரு மண்மேடு, பாப்பா. மேல ஒத்தை மரம். அப்பாதான் குழி வெட்டினாரு. வெயில் ஏறிடுச்சு, நீ கத்திக்கிட்டே இருந்த. உன்னைத் தோள்ல போட்டுக்கிட்டு நான் அந்த மரத்தடியிலதான் நின்னேன். அந்தம்மா கேட்டதும் மேடு, மரம், எல்லாம் கண்ணு முன்னாடி அப்படியே வருது. ஆனா நீ இங்க பொறந்தவன்னா, அன்னிக்கே செத்தவ மட்டும் அங்க எப்படிக் கெடப்பா? சரியா வரணுமில்ல?" அவர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நம்ம அம்மாவை இந்தப் பக்கம் புதைச்சோம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

டைப்பக்கா படியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஒன்றுக்கும் அவள் நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தவித்தாள். எந்தக் கட்டத்துக்கும் வார்த்தை வைத்திருப்பவளுக்கு ஒன்றும் வரவில்லை. அவர் தோளில் முகத்தை வைத்து, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். அவர் தடுக்கவில்லை.

"சரி, போதும். புள்ளைக்கு போன் போடு. பாவம், காத்துக்கிட்டு இருப்பா."

போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் மகள். "அம்மா? என்ன ஆச்சும்மா?" டைப்பக்கா முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். அண்ணன் போனைப் பிடுங்கிக் காதில் வைத்தார்.

"நான் மாமா பேசறேன்டா. உங்கம்மா வர்றா. எல்லாம் ஆயிடுச்சு, இன்னும் பன்னிரண்டு நாள்ல கைக்கு வந்துடும். நீ நிம்மதியாப் படு."

"நிஜமாவா மாமா? அம்மா நாலு நாளா ஏதோ மறைக்கறா. என்னைச் சமாதானப்படுத்த சொல்லலியே?"

"மாமா என்னிக்குடா பொய்..." என்று சிரித்தபடி ஆரம்பித்தவர், அங்கேயே நின்றுவிட்டார். அந்தப் பக்கம் மகள், "மாமா? மாமா?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவர் போனை டைப்பக்காவின் கையில் வைத்துவிட்டு எழுந்து நடந்தார்.